வலைக்கு ஒருவன்

எங்கள் வீடு மூன்று அடுக்கு மர வீடு. கீழே நான், அம்ப்ரோஸ். நடுவில் அடெலார் வெலெட்டும் அவன் மனைவி ஜானினும். மேலே லூசியன் பெர்ரோவும் க்ளோடெட்டும். ஜானினும் க்ளோடெட்டும் அக்கா தங்கை என்பதால் அடெலாரும் லூசியனும் சகலைகள். அதோடு நின்றிருந்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு பேரும் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர்கள். ஆர்டன் ஃபால்ஸ் அணிக்கு வேண்டியது ஒரே ஒரு கோல்கீப்பர்.

அணிக்கு ரிவர்மென் என்று பெயர். ஆற்றில் மரம் ஓட்டுகிறவர்கள் என்று அர்த்தம். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் காகித ஆலைக்குப் பின்னால் மரக்கட்டை மிதக்கிற குளம் உறைந்ததும் அதன் மேலேயே ஆடுவார்கள். பிறகு ஆலைக்காரர்கள் பழைய மரக்கூழ்க் கிடங்கின் கூரையை உயர்த்தி அரங்கமாக்கிக் கொடுத்தார்கள். வேலைநிறுத்தம் வந்தபோது ஒரு தடவை அணி கலைந்தது. போர் வந்தபோது மறுபடி கலைந்தது. ஒரு பிப்ரவரியில் பனிச்சுமை தாங்காமல் கூரையே இறங்கியது. நாங்கள் எந்த லீகில் சேர்ந்தாலும் நாலைந்து வருஷத்தில் அந்த லீக் முழுகிவிடும். பெரிய லீகுக்கு ஏறுகிற படிக்கட்டில் கீழிருந்து இரண்டாவது படி எங்களுடையது. ஏறப்போகிற பையன்களும், மேலேயிருந்து உருண்டு வந்தவர்களும் ஒரு பனிக்காலம் எங்களோடு தங்கி, பல்லைப் பறிகொடுத்துவிட்டுப் போவார்கள். கோப்பை என்று ஒன்றை இந்த ஊர் தொட்டதில்லை. ஆனாலும் சனிக்கிழமை அரங்கத்தில் நிற்க இடமிருக்காது.

அரங்கத்தில் பனித்தளம் போடுவது என் வேலை. சுடுதண்ணீர்ப் பீப்பாயைச் சறுக்குவண்டியில் ஏற்றி, பின்னால் சாக்குத்துணி இழுபட, ஆட்டத்தின் இடைவேளையில் மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டு போவேன். சுடுதண்ணீர்தான் கீறல்களுக்குள் இறங்கிக் கண்ணாடிபோல் உறையும். என் மனைவி ரோஸ் போன பிறகு எனக்கிருந்த வேலை அதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு ஜானின் வீட்டில். அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை, தட்டு வைத்திருப்பாள்.

அடெலார் இந்த ஊரில் பிறந்தவன். ஆலையில் மரக்கூழ் அரைக்கிற அறையில் வேலை. நாலடிக் கட்டைகளைக் கொக்கியால் இழுத்து அரவைக்கல்லின் வாயில் தள்ள வேண்டும். எப்போதும் நீராவி, எப்போதும் ஈரம், காதுக்குள் இரைச்சல். அந்த வேலை அவன் தோளையும் மணிக்கட்டையும் இரும்பாக்கியிருந்தது. போருக்குப் பிறகு நெடுநாள் கழித்து, ஐம்பத்தாறில் அணி மறுபடி தொடங்கியபோது அவன்தான் வலையில் நிற்பான் என்று எல்லோரும் நினைத்தோம். அவனும் நினைத்தான். சில ஆட்டங்களில் வலையில் நின்றும் பார்த்தான். அந்த நவம்பரில் கியூபெக் பக்கத்திலிருந்து லூசியன் வந்து இறங்கினான்.

அணி நிர்வாகி ஹோமர் பிராக்கெட், புதுப் பையனுக்குத் தங்க இடம் வேண்டும் என்று கேட்டபோது, எங்கள் வீட்டில் அறை காலியாக இருக்கிறது என்று சொன்னது அடெலார்தான். தன் இடத்தைப் பறிக்க வந்தவனைத் தானே கூட்டிக்கொண்டு வந்து, ஜானினிடம் பட்டாணிக் கஞ்சி ஊற்றச் சொன்னான். அங்கே வைத்துத்தான் லூசியன் க்ளோடெட்டைப் பார்த்தான். அடுத்த ஜூனில் கல்யாணம். மாடி காலியானதும் அங்கேயே குடியேறிவிட்டார்கள்.

லூசியனிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் அடெலாருக்குப் பெரிய கஷ்டம். பையன் குடிக்க மாட்டான், பெருமை பேச மாட்டான், மாடிப்படியில் பனி விழுந்தால் மூன்று வீட்டுக்கும் சேர்த்து வாரிப்போடுவான். வலையில் நின்றால் பூனைமாதிரி. ஊருக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. வெளிப்படிக்கட்டு அடெலார் வீட்டுச் சமையலறை ஜன்னலை ஒட்டியே மேலே ஏறுகிறது. ஆட்டம் ஜெயித்த மறுநாள் அந்த ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தால், பன்றியிறைச்சிப் பணியாரம், மேப்பிள் சர்க்கரைக் கட்டி, துணி போட்டு மூடிய தட்டுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறுவதைப் பார்க்கலாம். ஒரு தட்டும் நடுமாடியில் நின்றதில்லை. அடெலார் நாற்காலியை அந்த ஜன்னலிலிருந்து நகர்த்தவும் இல்லை.

ஜானினுக்கும் அவள் பங்குக்கு இருந்தது. ஆட்டக்காரர்களின் மனைவிமாருக்கு அரங்கத்தில் முன்வரிசை. க்ளோடெட் நரித்தோல் காலர் வைத்த கோட்டோடு அங்கே உட்காருவாள். ஜானின் பின்னால், வெந்நீர்க் குழாய் பக்கத்தில், ஆலைக்காரப் பெண்களோடு உட்காருவாள். தங்கை திரும்பிப் பார்த்துக் கையசைத்தால் அவள் கையுறையைச் சரிசெய்துகொள்வாள்.

அடெலாருக்கு அணியில் ஒரு இடம் இருந்தது. அதை இடம் என்று சொல்லலாமா தெரியவில்லை. அப்போதெல்லாம் ஒரு அணி ஒரே கோல்கீப்பரோடுதான் ஊர் ஊராகப் போகும். அவன் அடிபட்டு விழுந்துவிட்டால்? அதற்காக உள்ளூர் அணி ஒரு மாற்றுக் கோல்கீப்பரை அரங்கத்தில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது லீக் சட்டம். எந்தப் பக்கத்துக் கோல்கீப்பர் விழுந்தாலும் அவன்தான் இறங்க வேண்டும். அடெலார் ஐந்து பனிக்காலம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். காலடியில் மூட்டை, மூட்டைக்குள் மட்டையும் கால்பட்டைகளும். முகமூடி எங்கள் லீகுக்கு அப்போது வந்திருக்கவில்லை. கறுப்பு ரப்பர் வட்டு நேரே முகத்துக்குத்தான் வரும். இருந்தும் அந்த ஐந்து வருஷத்தில் இரண்டு பக்கத்திலும் ஒருத்தனுக்கும் இறங்கிப்போகிற அளவுக்கு அடிபடவில்லை.

பயிற்சி நாட்களில் மட்டும் அவனுக்கு வலை கிடைக்கும். லூசியனின் கைக்கும் காலுக்கும் ஓய்வு வேண்டும் என்று அடெலாரை நிற்கவைத்து, மொத்த அணியும் அவன்மேல் அடித்துப் பழகும். வீட்டுக்குப் போனால் ஜானின் கன்றிப்போன தொடையில் தைலம் தேய்ப்பாள். எதற்காக இது என்று அவள் கேட்கமாட்டாள். தேய்க்கிற தேய்ப்பில் கேள்வி இருக்கும் என்று அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான்.

ஒருநாள் இரண்டு பேரும் வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தோம். மேலே க்ளோடெட் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவன் மண்வாரியை ஊன்றி நின்றான்.

"அண்ணே, ஜெபத்துல நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். அவனுக்குக் காய்ச்சல் வரணும். பெருசா வேணாம். ஒரு சனிக்கிழமை எந்திரிக்க முடியாத அளவுக்கு. அதக்கூடத் தரமாட்டேங்குறாரு."

சிரிக்கிற மாதிரிதான் சொன்னான். நானும் சிரித்தேன். அவன் வாரிய பனி மூன்று பேர் வாரியதுபோல் குவிந்துகிடந்தது.

அறுபத்தொன்றாம் வருஷம் மார்ச்சில், வரலாற்றிலேயே முதல் தடவையாக, ரிவர்மென் கோப்பைக்கான கடைசி ஆட்டம்வரை வந்துவிட்டார்கள். எதிரே வெல்டன். ஆற்றில் கீழே இரண்டு மணி நேரப் பயணம், அங்கேயும் ஆலை, அவர்களுடைய ஆலை எங்களுடையதைவிடப் பெரிது என்பது எங்களுக்குப் பழைய எரிச்சல். அந்த வாரம் பனி இளகத் தொடங்கிவிட்டது. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகியது. தளம் தாங்குமா என்று நான் தூங்காமல் கிடந்தேன். சுடுதண்ணீருக்குப் பதில் குளிர்ந்த தண்ணீரை மெல்லிசாக விட்டு, கதவுகளையெல்லாம் திறந்துபோட்டு, எப்படியோ கட்டிக் காத்தேன்.

ஆட்டத்தன்று ஆலையில் மாலை வேலையை நிறுத்திவிட்டார்கள். பாதிரியார் வந்திருந்தார். மூன்று பகுதி ஆட்டத்தில் முதல் பகுதி முடிந்தபோது நாங்கள் இரண்டு, அவர்கள் ஒன்று. இரண்டாம் பகுதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எங்கள் அணித்தலைவன் டூகன் தூக்கி அடித்த வட்டு வெல்டன் கோல்கீப்பர் ஸ்ட்ராக்கனின் புருவத்தில் பட்டது. வயதான ஆட்டக்காரன், அப்படியே மல்லாந்தான். பனியில் ரத்தம் பரவியது. மருத்துவர் வந்து கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். நடுவர் நேரே அடெலாரின் நாற்காலிக்கு வந்து நின்றார்.

அடெலார் எழுந்தான். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒரு கணம் அவனுக்கே புரியவில்லை. பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெல்டன்காரர்களின் அறைப் பக்கம் நடந்தான். அரங்கம் முழுக்க ஒரே சிரிப்பும் கைத்தட்டலும். நம்ம ஆள் அங்கே போகிறான், கோப்பை நமக்குத்தான் என்று ஆளாளுக்குத் தோளில் தட்டிக்கொண்டார்கள்.

ஸ்ட்ராக்கனின் ரத்தத்தை நான் சுரண்டி எடுத்து, வாளியைக் கொட்ட நடைவழிக்குப் போனேன். அங்கே சுவரோரமாக அடெலார் ஸ்ட்ராக்கனின் பச்சை நிற வெல்டன் சட்டையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டிருந்தான். கழுத்துப் பக்கம் ஈரமாக இருந்தது. தோள் பற்றவில்லை. அவனிடம் பிராக்கெட் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். நான் நிற்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

"சட்டத்துக்காக அவங்க சட்டையப் போடுற, அவ்வளவுதான். நீ யாரு, எந்த ஊருன்னு உனக்குத் தெரியும். ரெண்டு உள்ள போச்சுன்னா யாரும் உன்ன ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க அடெலார். உன்கிட்டயிருந்து யாரு என்ன எதிர்பார்க்கப் போறாங்க?"

அடெலார் கால்பட்டையின் வாரை இறுக்கிக்கொண்டே கேட்டான். "லூசியன் இந்தச் சட்டையில இருந்தா இத அவன்கிட்ட சொல்லுவீங்களா?"

பிராக்கெட்டுக்குக் கேள்வியே வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "லூசியன்கிட்ட எப்படிப்பா சொல்றது? அவன் கோல்கீப்பர்."

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மனத்தில் இருந்தது வாயில் வந்தது. அடெலார் வாரைக் கட்டி முடித்து, மட்டையை எடுத்துக்கொண்டு, என் பக்கம் பார்க்காமலே போனான்.

முதலில் வந்த வட்டுகளை அவன் தடுத்தபோது ஊர் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. அடெலார், தூங்கிடு, வீட்டுக்குப் போ, ஜானின் கூப்பிடுறா என்று கத்தினார்கள். டூகன் வலமிருந்து வந்து அடித்தான், மார்பில் வாங்கினான். அடுத்தவன் இடது மூலைக்கு அடித்தான், அங்கே கால் ஏற்கெனவே இருந்தது. ஐந்து வருஷமாக இதே ஆட்கள் இதே வட்டை அவன் உடம்பின்மேல் அடித்துத்தானே பழகினார்கள். எவன் அடிப்பதற்குமுன் நாக்கைக் கடிப்பான், எவன் மேலே பார்த்துக் கீழே அடிப்பான் என்பது அவன் தொடையில் எழுதியிருந்தது. சிரிப்பு மெள்ள மெள்ள நின்றது.

மூன்றாம் பகுதியில் வெல்டன் ஒன்று போட்டுச் சமன் செய்தது. அதன்பிறகு அரங்கத்தில் கூரை ஒழுகுகிற சத்தம்கூடக் கேட்டது. எங்கள் ஆட்கள் அலை அலையாகப் போய் அவன்மேல் மோதினார்கள். டூகன் ஒரு தடவை மிகக் கிட்டத்தில், வலை முழுவதும் திறந்துகிடக்க, மேல் மூலைக்குத் தூக்கினான். நாங்கள் எல்லோரும் கோல் என்று எழுந்துவிட்டோம். அடெலார் முழங்காலில் விழுந்தபடியே கையை மட்டும் பின்னால் நீட்டினான். வட்டு அவன் உள்ளங்கையில் இருந்தது. அப்படி ஒன்றை அந்த அரங்கம் பார்த்ததில்லை.

அந்த அமைதியில் ஒரே ஒரு ஆள் கை தட்டுவது கேட்டது. வெந்நீர்க் குழாய் பக்கம், ஜானின். ஆலைக்காரப் பெண்கள் அவளை விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையிலிருந்து க்ளோடெட் திரும்பி அக்காவைப் பார்த்தாள். இந்தத் தடவை ஜானின் கையுறையைச் சரிசெய்யவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள்.

நான் தளத்தின் ஓரத்தில் நின்றதால் அடெலாரின் முகம் தெரிந்தது. வட்டைத் தடுத்த பிறகு ஒவ்வொரு தடவையும் அவன் பார்த்தது வெல்டன் ஆட்களையும் இல்லை, கூட்டத்தையும் இல்லை. நேர் எதிரே, தளத்தின் அந்தக் கோடியில் நின்ற லூசியனை.

ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. இனி முதல் கோல் போடுகிறவர்களுக்குக் கோப்பை. வெல்டன்காரன் ஒருத்தன் களைத்துப்போய், தன் இடத்தில் வேறு ஆளை இறக்குவதற்காக, வட்டை எங்காவது தள்ளிவிட்டுப் போகலாம் என்று நடுக்கோட்டுக்கு அப்பாலிருந்தே சும்மா ஒரு அடி அடித்தான். கைக்குழந்தைகூடத் தடுக்கிற வட்டு. அது லூசியனின் மட்டைக்கும் காலுக்கும் நடுவில் புகுந்து வலைக்குள் போயிற்று.

வெல்டன்காரர்கள் அடெலாரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கோப்பையில் ஊற்றிய பீரை முதலில் அவன் வாயில்தான் வைத்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் குனிந்த தலையோடு வெளியே போனார்கள்.

மறுநாளிலிருந்து ஊருக்கு இரண்டு குற்றவாளிகள். ஒருவன் அடெலார். இன்னொருவன் நான். லூசியனைக் குறைசொல்ல ஊருக்கு மனம் வரவில்லை. பனி இளகிவிட்டது, வட்டு குதித்துவிட்டது, அம்ப்ரோஸ் சரியாகத் தளம் போடவில்லை என்றார்கள். லூசியனிடமே யாரோ கேட்டதற்கு, ஆமாம், குதித்த மாதிரிதான் இருந்தது என்றானாம். அந்த இடத்தில் என் தளம் கல்லாக இருந்தது. ஆனால் அடெலார் பட்டதோடு பார்த்தால் எனக்கு ஒன்றுமே இல்லை. அரவை அறையில் அவன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துபோனார்கள். முடிவெட்டுகிறவன் கடை நிறைய ஆள் இருக்கிறது என்றான், உள்ளே நாற்காலிகள் காலி. வாசற்படியில் யாரோ அழுகிய மீனைக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஜானின் அதை வாரிப்போட்டுவிட்டு, படியைச் சோப்புப்போட்டுக் கழுவி, தலைநிமிர்ந்து கடைக்குப் போனாள்.

பாதிரியார் மட்டும் ஞாயிறு பிரசங்கத்தில் அவன் பேரைச் சொல்லாமல் அவனைப் புகழ்ந்தார். தன் ஊரே எதிரில் நின்றாலும் எடுத்துக்கொண்ட வேலைக்குத் துரோகம் செய்யாத நேர்மை என்றார். அடெலாரின் பின்கழுத்து சிவந்துபோனதை நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும், ஊரில் யார் கேட்டாலும் நீங்கள் நேர்மைக்காக ஆடினீர்கள் என்றே நான் சொல்லிக்கொள்கிறேன் என்று ஜானின் சொன்னாளாம். அவன் உடனே, அப்படியென்றால் நீ என்ன நினைக்கிறாய் என்றிருக்கிறான். அவள் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை.

"உங்க தொடையில அஞ்சு வருஷமா தைலம் தேச்சவ நான். என்கிட்ட நேர்மையப் பத்திப் பேசாதீங்க. ஆனா நான் கை தட்டுனது பொய்யில்ல."

இதையெல்லாம்விட அவனைத் தின்றது லூசியனின் நல்ல குணம். ஊரே ஒதுக்கியபோது லூசியன், அணிக்காரன் என்பதால் ஆலையில் அவனுக்குக் கிடைத்த, காகிதக் கட்டுகளுக்கு முத்திரை குத்துகிற லேசான வேலையிடத்திலிருந்து அரவை அறை வரைக்கும் நடந்து வந்து, காலியான பெஞ்சில் அடெலார் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றான். சகல, நல்லா ஆடுனீங்க என்று சொன்னான். ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டிருக்கலாம். வாரத்துக்கு ஒரு தடவையாவது சொன்னான். அவன் சொல்லும்போதெல்லாம் அடெலார் ரொட்டியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தான். தோற்றுப்போனவன் முகத்தை ஒரு நாளாவது பார்க்கலாம் என்றிருந்தான். அந்த முகம் வரவே இல்லை.

மே மாதம் ஆற்றுப் பனி உடைந்து மரக்கட்டைகள் இறங்கத் தொடங்கின. ஊருக்குக் கோபம் கொஞ்சம் தணிந்தது. அரங்கத்தில் தளம் இல்லை, நான் வெறுங்கட்டடத்தில் பெஞ்சுகளுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். அலுவலக அறையில் தொலைபேசி அடித்தது. வெல்டன் அணியின் நிர்வாகி. ஸ்ட்ராக்கனின் பார்வை சரியாகவில்லை, இனி ஆடமாட்டான், அன்றைக்கு வெல்டனுக்காக நின்றானே அந்த ஆள் வருவானா என்று கேட்டார். நான் தூரிகையைக் கீழே போட்டுவிட்டு ஆலை வாசலுக்கு ஓடினேன். அடெலார் கேட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாதீர்கள் அண்ணே, ஞாயிற்றுக்கிழமை நானே சொல்கிறேன் என்றான். எதற்காக ஞாயிற்றுக்கிழமை என்று எனக்கு அப்போதே புரிந்தது. அன்றைக்கு மாடிக்காரர்களும் சாப்பிட வருவார்கள்.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவன் வெல்டனுக்குப் போனான். ஒரு பனிக்காலம் ஆடினான், ரொம்ப நன்றாகவும் இல்லை, மோசமும் இல்லை. பிறகு திரும்பிவந்து அரவை அறையிலேயே சேர்ந்தான். லூசியனை ரிவர்மென் இன்னும் இரண்டு வருஷம் வைத்துக்கொண்டார்கள். அப்புறம் அந்த லீகும் முழுகியது, அணியும் கலைந்தது. கோப்பை கடைசிவரை எங்கள் ஊருக்கு வரவில்லை. ஆனால் ரிவர்மென் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடுதான்.

ஜானின் முந்தின நாளே மண்சட்டியில் வைத்து, உப்புக்கண்டமும் வெல்லப்பாகும் சேர்த்து வேகவைத்த பீன்ஸ் பயறு. கறுப்பு ரொட்டி. ஜன்னல் திறந்திருந்தது, ஆற்றிலிருந்து ஈரமான மரப்பட்டை வாசனையும் ஆலையின் கந்தக நெடியும் சேர்ந்து வந்தன. அடெலார் சவரம் செய்து, கோயிலுக்குப் போட்ட சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான். எல்லோருக்கும் பரிமாறும்வரை காத்திருந்தான். பிறகு வெல்டன் அழைத்திருக்கிறது என்றான். சொல்லிவிட்டு லூசியனையே பார்த்தான்.

லூசியன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். மாடிக்கு ஓடிப்போய், கல்யாணத்தில் மிஞ்சியதென்று வைத்திருந்த பிராந்தியைக் கொண்டுவந்தான். க்ளோடெட் அழுதேவிட்டாள். "அத்தான், இது உங்களுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

அடெலார் கரண்டியைக் கீழே வைத்தான்.

"உனக்கு எரியவே எரியாதாடா?"

லூசியன் சிரித்தான். "எதுக்கு சகல எரியணும்?"

"நான் சொல்றேன் கேளு. பாதிரியார் சொன்ன மாதிரி நான் நேர்மைக்காக ஆடல. வெல்டனுக்காகவும் ஆடல. நம்ம ஊரு தோத்தாலும் பரவாயில்ல, நீ அந்தக் கோடியில தலையத் தொங்கப்போட்டு நிக்கணும், அத நான் பாக்கணும். அதுக்காக ஆடுனேன். உன் வீட்டுக்கு ஏறுன ஒவ்வொரு தட்டையும் எண்ணிக்கிட்டு இந்த ஜன்னல்ல உக்காந்திருந்தவன் நான். உனக்குக் காய்ச்சல் வரணும்னு கோயில்ல முழங்கால் போட்டவன். இப்ப வந்து கை குடுக்குற. பிராந்தி ஊத்துற. நீ மனுசன்தானா?"

ஜானின் அகப்பையைப் பிடித்தபடி அடுப்புப் பக்கம் நின்றாள். அவள் முகத்தில் அதிர்ச்சி இல்லை, ஒருவழியாகச் சொல்லிவிட்டான் என்கிற களைப்புதான் இருந்தது. க்ளோடெட் அக்காவைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். லூசியன் பிராந்திப் புட்டியின் மூடியை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான்.

"அந்தக் கடைசி கோலு" என்றான். குரல் வேறுமாதிரி இருந்தது. "வட்டு குதிச்சுதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் ஆமான்னுட்டேன். அம்ப்ரோஸ் அண்ணன் பேரு கெட்டுச்சு. அது குதிக்கல. நேராத்தான் வந்துச்சு. நான் பாக்கல."

"பாக்காம என்ன பண்ணிக்கிட்டிருந்த?" என்றேன் நான்.

லூசியன் அடெலாரைப் பார்த்துச் சொன்னான்.

"டூகன் மேல தூக்கினானே, நீங்க விழுந்துக்கிட்டே கையப் பின்னால நீட்டிப் புடிச்சீங்களே. அது நம்ம கோலு. அது உள்ள போயிருந்தா நமக்குக் கோப்பை. ஆனா அப்ப எனக்குக் கோப்பை ஞாபகமே இல்ல. என்னால அதப் புடிச்சிருக்க முடியாதுன்னு மட்டும் தெரிஞ்சுபோச்சு. எத்தன வருஷம் ஆடுனாலும் முடியாது. பெரிய லீக்லேருந்து என்ன ஏன் இன்னும் கூப்பிடலன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. அதுக்கப்புறம் நான் வட்டையே பாக்கல சகல. உங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஒண்ணாச்சும் உங்க காலுக்கு நடுவுல போகாதான்னு பாத்துக்கிட்டிருந்தேன். அப்பத்தான் என் காலுக்கு நடுவுல போச்சு."

மூச்சு வாங்கினான்.

"வாராவாரம் வந்து நல்லா ஆடுனீங்கன்னு சொன்னேனே, அது உங்களுக்காக இல்ல. சொல்லிச் சொல்லி அத ஒண்ணுமில்லாமப் பண்ணிடலாம்னு பாத்தேன். முடியல. வயிறு எரிஞ்சுது. இப்பவும் எரியுது."

க்ளோடெட் நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். இந்த ஆளோடுதானா இத்தனை வருஷம் மாடியில் இருந்தோம் என்பதுபோல் பார்த்தாள். என் தளத்தைப் பற்றி நான் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், வாயில் வந்துவிட்டது. ஆனால் அடெலாரின் முகத்தைப் பார்த்ததும் பேசாமல் இருந்துவிட்டேன். கூழ் அறையின் நீராவியில் வெந்து தடித்த அந்த முகம் மெள்ள மெள்ளத் தளர்ந்தது. கோபமும் இல்லை, வெற்றியும் இல்லை. பசியோடு வாசலில் நின்றவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தால் வருமே, அப்படி ஒன்று.

மேசையின் குறுக்கே லூசியன் பக்கம் குனிந்தான்.

"இன்னொரு தடவ சொல்லு."

"எத?"

"எரிஞ்சுதுன்னு சொன்னியே. அத."

லூசியன் புட்டியைக் கீழே வைத்தான். "எரிஞ்சுது" என்றான்.

அடெலார் தலையாட்டினான். கரண்டியை எடுத்தான். ஜானின் சட்டியைக் கொண்டுவந்து தங்கை புருஷனுக்குப் போடப் போனவள், திரும்பி, தன் புருஷன் தட்டில் முதலில் போட்டாள். அவன் ரொட்டியைப் பிட்டு, பாகில் தோய்த்து, தலைநிமிராமல் சாப்பிட்டான். அவன் இவ்வளவு ருசித்துச் சாப்பிட்டு அதற்குமுன் நான் பார்த்ததில்லை.